'அக்கா வந்திருக்கா, பாய் போடு': மறதி நோயாளிகள் கடைசி நாட்களில் காணும் காட்சிகள்

வாசகர் கேள்வி – பதில்

டிமென்ஷியா முற்றிப் படுக்கையில் இருப்பவர்கள், இறந்துபோன உறவுகளைப் பார்ப்பதாகவும் அவர்களோடு பேசுவதாகவும் சொல்லி வந்த கடிதங்கள் இவை. வலி நிவாரண ஆதரவு சிகிச்சை தரும் மருத்துவரும், வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் செவிலியரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அம்மாவுக்கு 84 வயது. எட்டு வருஷமாக அல்சைமர். ஆறு மாதமாகப் படுக்கைதான், எங்களை யாரென்றே தெரியாது. போன வாரத்திலிருந்து கூரை மூலையைப் பார்த்துச் சிரிக்கிறார், கையை நீட்டி யாரையோ தொடப் பார்க்கிறார். நேற்று தெளிவாக, "அக்கா வந்திருக்கா, பாய் போடு" என்றார். பெரியம்மா இறந்து முப்பது வருஷம் ஆகிறது. "கூப்பிட வந்துட்டாங்க, இனி நாள் கணக்குதான்" என்கிறார்கள் உறவினர்கள். டாக்டரோ, "மூளை பாதிப்பு, மாத்திரை தர்றேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கும்பகோணம்

இரண்டு பேர் சொல்வதையும் ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவைக் கவனியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் மூன்று வேறு விஷயங்கள் இதில் இருக்கின்றன. எது என்று தெரியாமல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது, நாளும் குறிக்கக் கூடாது.

முதலாவது, மறதி நோயே உண்டாக்கும் மாயக்காட்சி. லூயி பாடி டிமென்ஷியா என்ற வகையில் இது மிக அதிகம். சின்னக் குழந்தைகள், பூனை, நாய், அறிமுகமில்லாத ஆட்கள் என்று துல்லியமாகத் தெரியும். நோயின் ஆரம்ப வருஷங்களிலேயே தொடங்கி, மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அல்சைமரில் இதைவிட அடிக்கடி நடப்பது காலக்குழப்பம். அண்மை நினைவுகள் முதலில் அழிந்து பழையவை தங்கிவிடுவதால், எண்பது வயதில் "எங்கம்மா எங்கே?" என்று கேட்பார்கள். அம்மாவைத் தேடுகிறார்களே தவிர, எதிரே பார்க்கவில்லை.

இரண்டாவது, டெலிரியம் எனும் திடீர்க் குழப்பம். இது நோயல்ல, உடம்பில் வேறெங்கோ கோளாறு என்பதற்கான அறிகுறி. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ புதிதாக வரும். காலையில் பரவாயில்லை, ராத்திரி மோசம் என்று ஏறி இறங்கும். கூப்பிட்டால் ஒரு நொடிகூட கவனம் நிற்காது. காண்பது பெரும்பாலும் பூச்சி, புகை, தாக்க வரும் அந்நியர். முகத்தில் பயம் இருக்கும்.

மூன்றாவதுதான் உங்கள் உறவினர்கள் சொல்வது. வாழ்நாள் முடியும் தறுவாயில் வரும் காட்சி. வருகிறவர் தெரிந்தவர், பெரும்பாலும் இறந்துபோனவர். அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார். பார்க்கிறவர் பதறமாட்டார். பேச்சில் பயணம் இருக்கும்: "வண்டி வந்துடுச்சா?", "பெட்டியை எடு", "சேலையை மாத்திவிடு". அமெரிக்காவின் பஃபலோ நகர ஹாஸ்பிஸில் (கடைசிக் காலப் பராமரிப்பு இல்லம்) மருத்துவர் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் 59 நோயாளிகளிடம் நாள்தோறும் கேட்டு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதம் பேர் இப்படி ஒரு கனவையோ காட்சியையோ ஒருமுறையாவது கண்டதாகச் சொன்னார்கள். மரணம் நெருங்க நெருங்க இறந்தவர்கள் அதிகம் வந்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் வருவதைவிட அதுவே கூடுதல் ஆறுதலாக இருந்தது. ஆனால் தெளிவாகப் பேசக்கூடியவர்களிடம் மட்டுமே கேட்டார்கள், குழப்பத்தில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆகவே அந்த 88-ஐ அப்படியே உங்கள் அம்மாவுக்குப் பொருத்த முடியாது. மறதி நோயாளி தன் வாயால் விவரம் சொல்லமாட்டார். அவருடைய முகமும் கையும் மூச்சும்தான் நமக்குச் சாட்சி.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தெரிந்த ஆள், சிரித்த முகம், ஓய்ந்த உடம்பு, எல்லாம் மூன்றாவதையே காட்டுகின்றன. இருந்தாலும் மதுரை வாசகருக்கு அடுத்துச் சொல்லியிருக்கும் பரிசோதனைகளை ஒருமுறை செய்துவிடுங்கள். டெலிரியம் அமைதியாகவும் வரும், இதோடு சேர்ந்தும் வரும். அவை சரியாக இருந்து அம்மாவும் நிம்மதியாக இருந்தால் மாத்திரை தேவையில்லை. டாக்டரிடம் பணிவாகவே கேளுங்கள்: "இந்த மாத்திரை அம்மாவோட கஷ்டத்துக்கா, பார்க்கிற எங்க கஷ்டத்துக்கா?" நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குக் காட்சி வந்தது, யாரைப் பார்த்தார், முகம் எப்படி இருந்தது, அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் என்ன மருந்து கொடுத்தீர்கள், கடைசியாகச் சிறுநீர், மலம் எப்போது போயிற்று. இரண்டு நாள் குறிப்பு இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அம்மா பாய் கேட்டால் பாயைப் போடுங்கள்.

நாள் கணக்கு பற்றி: காட்சியை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறது.

அப்பாவுக்கு 79. டிமென்ஷியா. மூன்று நாளாக ராத்திரி முழுக்க அலறல். "சுவத்துல பூச்சி ஓடுது", "கட்டிலைச் சுத்தி நிக்கிறாங்க, அடிச்சு விரட்டு" என்கிறார். போர்வையைப் பிய்க்கிறார், டயப்பரைக் கழற்றி எறிகிறார். இதுவும் கடைசிக் காலக் காட்சிதானா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
— வாசகர், மதுரை

இல்லை. இதை டெலிரியம் என்று எடுத்துக்கொண்டு இன்றைக்கே காரணம் தேடுங்கள். "வயசாயிடுச்சு, போற நேரம்" என்று விட்டுவிடுவதால், சரிசெய்யக்கூடிய ஒரு தொல்லையோடு பலர் கடைசி நாட்களைக் கழிக்கிறார்கள். அது நடக்கவே கூடாது.

முதலில் அடிவயிறு. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பந்துபோல் உப்பி, அழுத்தும்போது முகம் சுளித்தால் சிறுநீர் கட்டியிருக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் காய்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சிறுநீர் டியூப் போட்டிருந்தால், அது எங்காவது மடங்கி அழுந்தியிருக்கிறதா, பை இடுப்பு மட்டத்துக்கு மேலே தொங்குகிறதா என்று பாருங்கள். படுக்கை விரிப்பு மாற்றும்போது பையைக் கட்டில்மேல் தூக்கி வைத்து மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்து மலச்சிக்கல். மூன்று நாள் போகவில்லை என்றால் அதுவே ஒரு மனிதரை அலறவைக்கப் போதும். தண்ணீர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்பதால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே கல்லாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக் கசிவதாகவும் அது இருக்கலாம். செவிலியர் கையுறை போட்டு விரலால் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் சப்போசிட்டரியோ வைத்து வெளியேற்றிவிட்டால் அன்றிரவே தூங்குகிறவர்கள் உண்டு.

பிறகு காய்ச்சல், இருமல், வாடை வீசும் சிறுநீர். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் ஏறாமல் போகலாம், குழப்பம் மட்டுமே அறிகுறியாக வரும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவு மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை இறங்கி இதே கூத்து நடக்கும். ரத்தத்தில் சோடியம் குறைவதும் இப்படிச் செய்யும். பிபி-க்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களிடம் இது சாதாரணம். முதுகு, இடுப்பு, குதிகாலில் படுக்கைப்புண் இருக்கிறதா, வாய்க்குள் வெள்ளைப் படலமோ புண்ணோ இருக்கிறதா, எங்காவது எலும்பு முறிந்திருக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

மருந்து டப்பாவை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். கடந்த பத்து நாளில் புதிதாகச் சேர்ந்தது எது? சளிக்கான சிரப்புகளில் இருக்கும் குளோர்பெனிரமின், அரிப்புக்குத் தரும் அவில், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வலிக்குத் தரும் டிரமடால், பதற்றத்துக்குத் தரும் டயஸெபாம், இவை ஒவ்வொன்றும் மறதி நோயாளிக்குப் பூச்சியையும் பேயையும் காட்டக்கூடியவை. மார்ஃபின் எடுப்பவர், கைகால் வெட்டி வெட்டி இழுக்க, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தங்கிவிடுவதால் இது நேர்கிறது. அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அளவையும் இடைவெளியையும் மாற்ற வேண்டும், அல்லது வேறு மருந்துக்குப் போக வேண்டும். எழுதித் தந்த மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தூக்க மாத்திரை இந்தக் குழப்பத்தை அதிகமாக்கவே வாய்ப்பு. மனநோய்க்கான மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். ஆதரவு சிகிச்சை பெறும் நோயாளிகளின் டெலிரியத்துக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் கொடுத்து ஆஸ்திரேலியாவில் 247 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத போலி மருந்து பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களின் தொல்லைதான் அதிகமாக இருந்தது. லூயி பாடி வகையானால் ஹாலோபெரிடால் உயிருக்கே ஆபத்து. உடம்பு மரக்கட்டைபோல் விறைத்து, விழுங்க முடியாமல் போகும். கை நடுக்கம், நடையில் விறைப்பு, பல வருஷமாக மாயக்காட்சி, தூக்கத்தில் கைகாலை உதறுதல் ஆகியவை அப்பாவுக்கு இருந்திருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். காரணம் எதையும் சரிசெய்ய முடியாத கடைசி நாட்களில், பதற்றம் தாங்க முடியாததாக இருந்தால், மயக்கம் தரும் மருந்து கருணையான சிகிச்சைதான். ஆனால் அது கடைசிப் படி.

இதற்கிடையில், கையைக் கட்டிப்போடாதீர்கள். கட்டிலில் தடுப்பு இருந்தால் அதன்மேல் ஏறி விழுவார்; மெத்தையைத் தரையில் போடுவது மேல். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள், காது மிஷினுக்கு பேட்டரி இருக்கிறதா பாருங்கள், ஒரு மங்கிய விளக்கு எரியட்டும், ராத்திரியில் அவருக்குப் பழகிய ஒரே ஆள் கூட இருக்கட்டும்.

அம்மா தன் அம்மாவைக் கூப்பிடுகிறார். "அவங்க செத்துப் போயி நாப்பது வருஷமாச்சும்மா" என்றால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் அழுகிறார். "இதோ வர்றாங்க" என்று பொய் சொல்லவும் மனசு வரவில்லை. என்ன பேசுவது?
— வாசகி, திருச்சி

இரண்டையும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறை நீங்கள் உண்மையைச் சொல்லும்போதும் அவருக்கு அது புதுச் சாவு. பத்து நிமிஷத்தில் செய்தி மறந்துவிடும், துக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிடும்.

கேள்வியாகத் திருப்புங்கள். "பாட்டி வந்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்று ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மறதி நோயாளிக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர இருபது நொடிகூட ஆகலாம். நாம் ஐந்து நொடியில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம், அங்கேயே அறுந்துவிடுகிறது. பதில் வரவில்லை என்றால் வார்த்தையை விட்டு உணர்ச்சிக்குப் பதில் சொல்லுங்கள்: "பாட்டி மேல உனக்கு ரொம்ப ஆசைல்லம்மா." கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எனக்கும் தெரியுது, அதோ நிக்கிறாங்க" என்று நடிக்க வேண்டாம். நாளைக்கே பயமான ஒன்று தெரிந்தால், "நீதானே பார்த்தே" என்பார்.

"வீட்டுக்குப் போகணும்" என்று சொன்னால் முதலில் உடம்புத் தேவையைப் பாருங்கள். சிறுநீர் வருகிறதோ, முதுகு வலிக்கிறதோ, குளிருகிறதோ, அதற்கெல்லாம் அவரிடம் இருக்கும் ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம். அது எதுவும் இல்லையென்றால், "போகலாம்மா. அங்க யாரெல்லாம் இருப்பாங்க?" என்று பேசவிடுங்கள்.

எல்லாக் காட்சியும் இனிமையாக இருக்காது. இளம் வயதில் பறிகொடுத்த குழந்தையைத் தேடி அழுவார்கள், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் வந்து நிற்பார். அப்போது பேச்சை மாற்றாதீர்கள். "நீ நல்லாத்தான் பார்த்துக்கிட்டே, உன் மேல தப்பில்லை" என்று அவர் நம்பும் ஒருவர் மெதுவாக, பலமுறை சொல்ல வேண்டும். "நாங்க இருக்கோம், எல்லாத்தையும் பார்த்துக்கிறோம்" என்பதையும் சொல்லுங்கள். சொன்ன கையோடு உயிர் பிரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

ஆச்சி, "கருத்த ஆளு ரெண்டு பேரு வாசல்ல நிக்கானுவ, வரமாட்டேன்னு சொல்லு" என்று நடுங்குகிறாள். எமதூதர் என்று சொல்லி மந்திரிக்க ஆள் கூட்டிவரப் பார்க்கிறார்கள். எங்கள் ஆச்சி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.
— வாசகர், திருநெல்வேலி

ஆச்சி என்ன செய்தார், செய்யவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை முதலில் வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். 1960, 70-களில் கார்லிஸ் ஓசிஸ், எர்லெண்டூர் ஹரால்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவிலும் வட இந்தியாவிலும் டாக்டர், நர்ஸுகளைக் கேட்டு இத்தகைய காட்சிகளைத் தொகுத்தார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் இறந்த உறவினரைக் கண்டார்கள். இந்தியர்களிடம் தெய்வங்களும் எமதூதர்களும் அதிகம். "வரமாட்டேன்" என்று மறுத்தவர்களும் இங்கேதான் அதிகம். சிறு வயதிலிருந்து கதையிலும் கூத்திலும் எந்த உருவத்தைப் பார்த்து வளர்ந்தோமோ, அந்த உருவத்தில்தான் பயமும் வருகிறது.

இனி அறையைப் பாருங்கள். ஆச்சியின் தலையணையில் உங்கள் தலையை வைத்துப் படுத்து, அந்தி மங்கும் நேரத்தில் வாசல் பக்கம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆணியில் தொங்கும் சட்டை, கதவுக்குப் பின்னால் நிற்கும் குடை, தெருவிளக்கில் ஆடும் வாழை இலை நிழல், அலமாரிக் கண்ணாடியில் தெரியும் அவருடைய உருவமே, இவைதான் பல வீடுகளில் அந்தக் கருத்த ஆள். எடுத்து அப்புறப்படுத்துங்கள். கண்ணாடியைத் துணியால் மூடுங்கள், ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள். கண்புரை முற்றியிருந்தால் அதனாலும் இல்லாத உருவங்கள் தெரியும். சார்ல்ஸ் போனே நிலை என்று அதற்குப் பெயர். மூளைக்கோளாறு இல்லாதவர்களுக்கே அது வரும்.

அப்படியும் வந்தால், ஆச்சி நம்பும் பேரனோ மகனோ வாசலுக்குப் போய் நின்று, "போங்க, ஆச்சி வரமாட்டா" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் உட்காரட்டும். இது அவருடைய பயத்துக்குத் தரும் மரியாதை, ஏமாற்று அல்ல. விபூதி பூசுவதும், ஒருவர் மட்டும் உட்கார்ந்து மெல்லிய குரலில் தேவாரமோ திருப்புகழோ சொல்வதும் நல்லது. சாம்பிராணிப் புகை, உடுக்கை, வேப்பிலை அடி, அறை நிறையக் கூட்டம், இவை வேண்டவே வேண்டாம். மூச்சும் திணறும், பயமும் ஏறும். இரண்டு நாளில் பயம் தணியாவிட்டால் மதுரை வாசகருக்குச் சொன்ன எல்லாவற்றையும் செய்து பாருங்கள்.

அப்பா பேசி இரண்டு வருஷமாகிறது. அவருக்கும் இப்படிக் காட்சி வருமா? வந்தால் நமக்கு எப்படித் தெரியும்?
— வாசகி, சேலம்

வரலாம். கண் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும், இல்லாத ஆள் நகர்வதைப் பின்தொடரும். உதடு அசையும். கை குறிப்பான ஒரு திசையில் நீளும். அப்போது முகம் தளர்ந்து, நெற்றியில் சுருக்கம் இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். விரல்கள் திசையில்லாமல் விரிப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்து, புருவமும் நெரிந்திருந்தால் அது வேதனை.

பேச முடியாதவர்களின் வலியை அளக்க, பெய்னாட் என்றொரு அளவுகோல் உண்டு. மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது போட்டுப் பாருங்கள், வலி அப்போதுதான் வெளியே வரும். 4-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். குறைந்தால் அது வலிதான். எடை குறைந்த முதியவருக்கு ஒரு நாளில் 2 கிராமைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு.

மாமனாருக்கு யாரையும் தெரியாது. முந்தாநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காபி கேட்டார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று விசாரித்தார். மாலையில் மறுபடி பழையபடி. குணமாகிறதா? ஸ்கேன் எடுக்கலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஜெர்மன் ஆய்வாளர் மைக்கேல் நாம் 2009-ல் இதற்கு ஒரு மருத்துவப் பெயர் கொடுத்துப் பழைய பதிவுகளைத் தொகுத்தார். பதிவானவற்றில் பெரும்பாலானவை இறப்புக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் நிகழ்ந்தவை. அழிந்துபோன மூளையில் இது எப்படி முடிகிறது என்பது இன்னும் விளங்கவில்லை. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் இதற்கென்றே ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கியது.

ஒரு எச்சரிக்கை. தொற்று குறைந்தாலோ, மயக்கம் தரும் மாத்திரையை நிறுத்தியிருந்தாலோகூட இப்படித் தெளிவு வரும். அது நாட்கணக்கில் நீடிக்கும். மாமனாருக்கு அண்மையில் எதையாவது நிறுத்தினீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேன் வேண்டாம். ஆம்புலன்ஸும் ஸ்கேன் அறையும் அந்தத் தெளிவான நேரத்தை விழுங்கிவிடும்.

மறுபடி அப்படி வந்தால் பிள்ளைகளுக்கு வீடியோ காலைப் போடுங்கள். "நான் யாரு சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள், கிணற்றைப் பற்றியே பேசுங்கள். காபி கேட்டால் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க, அரை டீஸ்பூன் கொடுங்கள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்தது. இருமினால் நிறுத்திவிடுங்கள். பசி வந்துவிட்டது என்று இட்லி ஊட்டப் போய்ப் புரையேறி நுரையீரலுக்குள் போவது இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய விபத்து.

சிங்கப்பூரில் இருக்கிறேன். பாட்டி, "தாத்தா ரிக்‌ஷாவோட வந்திருக்கார்" என்கிறாராம். உடனே டிக்கெட் போடவா?
— வாசகர், சிங்கப்பூர்

காட்சியை வைத்துப் போடாதீர்கள், உடம்பை வைத்துப் போடுங்கள். இந்த நான்கைக் கேளுங்கள். விழுங்குகிறாரா? விழித்திருக்கும் நேரம் நாளுக்கு நாள் குறைகிறதா? சிறுநீர் குறைந்து அடர் நிறமாகிவிட்டதா? மூச்சு நடுவில் நின்று நின்று வருகிறதா? முதல் இரண்டுக்கும் பதில் மோசமாக இருந்தால் காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். மூச்சும் மாறிவிட்டது, முழங்காலிலும் பாதத்திலும் ஊதாத் திட்டுகள் படர்கின்றன, மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை, மூச்சு விடும்போது தாடை அசைகிறது என்றால் மணிக்கணக்கிலிருந்து மூன்று நாள்தான்.

வர முடியாவிட்டால் போனைப் பாட்டியின் காதருகே வைக்கச் சொல்லிப் பேசுங்கள். கனடாவின் வான்கூவரில் நினைவிழந்த ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருடைய மூளை கடைசி மணி நேரங்களிலும் ஒலிக்குப் பதில் தந்தது. கண் திறக்கவில்லை என்பதால் கேட்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பாட்டி யாருமில்லாத நாற்காலியோடு பேசுவதைப் பார்த்து ஏழு வயது மகள் பயப்படுகிறாள். அறைக்குள் விடலாமா?
— வாசகி, ஈரோடு

விடலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். "பாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியலை. அவங்களுக்குப் பிடிச்சவங்களை மனசுக்குள்ள பார்க்கிறாங்க. அது நம்மை ஒண்ணும் செய்யாது" என்று சொன்னால் போதும். "பாட்டி தூங்கப் போறாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், பிறகு குழந்தை தூங்கவே பயப்படும்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரோ நர்ஸோ கிடைப்பார்களா? வெளியே கூட்டிப்போக முடியாத நிலை.
— வாசகர், விருதுநகர்

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆகஸ்ட் 2021-ல் தொடங்கியது. படுக்கை நோயாளிகளுக்கு வீட்டிலேயே தரும் ஆதரவு சிகிச்சையும் அதில் அடக்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள், அல்லது 104-ல் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567. ராத்திரி மூன்று மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முன்னாலேயே முடிவுசெய்து, எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்த எண் இல்லாத வீடுகளில்தான் பதற்றத்தில் 108 வந்து, நோயாளி ஐசியூவில் டியூபோடு முடிகிறார்.

"அம்மா பால் கேக்குறா, தொண்டை காயுது, வந்தவங்களுக்கும் கொடு" என்று மாமியார் காட்சியில் பேசிக்கொண்டே இருக்கிறார். உறவினர்கள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றச் சொல்கிறார்கள். தடுத்தால் பாவம் என்கிறார்கள்.
— வாசகி, தஞ்சாவூர்

தடுக்க வேண்டாம், அளவை மாற்றுங்கள். விழுங்கும் சக்தி போன பிறகு ஒரு டீஸ்பூன் பால்கூட மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பிறகு தொண்டை கரகரவென்று சத்தம் போட, "இழுத்துக்கிட்டிருக்கு" என்று எல்லாரும் அழுதுகொண்டு நிற்பார்கள்.

சுத்தமான பஞ்சையோ மெல்லிய பருத்தித் துணியையோ பாலிலோ துளசித் தண்ணீரிலோ நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒற்றச் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒற்றலாம், சடங்கும் குறையாது. தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்த பிறகே செய்ய வேண்டும். முடிந்ததும் வெறும் தண்ணீர்ப் பஞ்சால் வாயைத் துடையுங்கள், பால் தங்கினால் புளித்து நாக்கில் படலம் கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயை ஈரப்படுத்தி, உதட்டில் வாசலின் தடவுங்கள். தொண்டை காய்கிறது என்று அவர் சொல்வது காட்சி மட்டுமல்ல, வாயால் மூச்சு விடுகிறவருக்கு நாக்கு நிஜமாகவே வறண்டிருக்கும்.

கரகரப்பு ஏற்கெனவே வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள். சக்‌ஷன் டியூபை (சளி உறிஞ்சும் குழாய்) ஆழமாக விடுவது வலியைத்தான் தரும். சளி அது எட்டும் இடத்தில் இருப்பதில்லை. சுரப்பைக் குறைக்கும் ஊசி உண்டு. ஆரம்பத்திலேயே போட்டால்தான் கொஞ்சமாவது பலன், சத்தம் பலத்த பிறகு பெரிதாக உதவாது. ஆகவே முதல் கரகரப்பு கேட்டதுமே செவிலியருக்குப் போன் செய்யுங்கள். "வந்தவங்களுக்கும் கொடு" என்று மாமியார் சொன்னால், ஒரு டம்ளர் பாலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிடுங்கள்.